அசைபோடும் மனசு

மாடு அசைபோடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவசரமாக மேய்ந்ததைச் சாவகாசமாக வாய்க்குக் கொண்டுவந்து, மென்று, திரும்ப உள்ளே அனுப்பினால்தான் அதற்குச் செரிக்கும். மென்றது உள்ளே போனதும் வேலை முடிந்தது. மனிதன் அசைபோடுவதில் இந்த நியாயம் கிடையாது. மேலதிகாரி சொன்ன ஒரு வார்த்தை, சம்பந்தி வீட்டார் காட்டிய முகச் சுளிப்பு, பத்து வருஷத்துக்கு முன் விற்றுத் தொலைத்த மனைக்கட்டு, பையனின் பிளஸ் டூ மார்க். ராத்திரி இரண்டு மணிக்கு இவற்றையெல்லாம் வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுகிறோம். எதுவும் செரிப்பதில்லை. மறுநாளும் அதே கவளம்.

உளவியலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் ஆங்கிலப் பெயரும் அசைபோடுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா (2013இல் காலமானார்) தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த ஒரு பழக்கத்துக்கே செலவிட்டார். மனசு சோர்ந்திருக்கும்போது, ஏன் இப்படி ஆனேன், எனக்கு மட்டும் ஏன் என்று உள்ளேயே தோண்டுகிறவர்களுக்குச் சோர்வு நீள்கிறது என்பது அவர் கண்டது. தோண்டுகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. யோசித்தால் வழி பிறக்கும் என்று மெய்யாகவே நம்பித்தான் யோசிக்கிறார்கள். ஆனால், அந்த நிலையில் செய்யும் யோசனை பிரச்சினையைத் தீர்க்கும் திறனையே மழுங்கடிக்கிறது என்றும் அவரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். வழி தேடுவதாக நினைத்துக்கொண்டு வட்டமடிப்பது என்று சொல்லலாம்.

இதற்குப் பரிகாரமாக இன்று உலகெங்கும் விலைபோகும் சரக்கின் பெயர் மைண்ட்ஃபுல்னெஸ். செய்வதைச் செய்யும்போதே கவனிப்பது, கவனம் நழுவினால் அதட்டாமல் திருப்பிக் கொண்டுவருவது. சமாசாரம் இவ்வளவுதான். பௌத்தத் துறவிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் இதை, 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஸின் என்பவர் மதச் சாயத்தைக் கழுவி, எட்டு வாரப் பயிற்சியாக்கி நோயாளிகளுக்குக் கொடுத்தார். அறைக்குள் நடந்த அது பிறகு மலையேறிவிட்டது. மலை விடுதிகளின் விளம்பரங்களில் யோகாவுக்கும் ஆயுர்வேத எண்ணெய்க்கும் நடுவே இந்த வார்த்தையும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மூன்று பகல், இரண்டு இரவு, மௌனம் உள்பட. சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால், ஒதுக்கித் தள்ளுவதற்கு முன் பீர்மேடு வரை ஒரு நடை போய்வரலாம்.

பீர்மேடு என்றதும் வயதான வாசகர்களுக்குத் தேவிகுளமும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வரும். மொழிவழி மாநிலங்கள் உருவான காலத்தில் இந்த இரண்டு பெயர்களும் ஒரு கோரிக்கையாக ஒலித்தன. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரிப் பகுதி நம் பக்கம் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு வழியாகக் கோட்டயம் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் பீர்மேடு. கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்குச் சற்று அதிகம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஏரியும் படகும் குதிரையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். திருவிதாங்கூர் ராஜ குடும்பம் கோடைக்கு வந்து தங்கிய மாளிகை ஒன்று பக்கத்துக் குட்டிக்கானத்தில் இருக்கிறது. மற்றபடி தேயிலை, ஏலம், புல்மேடு, மழை. கேரளத்திலேயே அதிக மழை கொட்டும் இடங்களில் இது ஒன்று.

இந்த மலைக்கு ஒதுங்குவது விடுதிக்காரர்கள் கண்டுபிடித்த விஷயமில்லை. ஊரின் பெயரே அப்படி ஒதுங்கிய ஒருவருடையது என்கிறது செவிவழி மரபு. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி பீர் முகமது அப்பா இங்கே தனித்திருந்து தவம் செய்ததாகவும், அதனால் இது பீர்மேடு ஆனதாகவும் சொல்கிறார்கள். அவர் தமிழில் பாடியவர். அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யைத் தக்கலை தர்காவில் ஆண்டுதோறும் ஓர் இரவு முழுக்கக் கூடியிருந்து பாடுகிறார்கள். ஜீவனத்துக்கு அவர் செய்தது நெசவு என்பதும் மரபு. எனக்கு இந்தத் தகவல்தான் முக்கியமாகப் படுகிறது. தறியில் உட்கார்ந்தவனுக்குக் கையும் காலும் கண்ணும் ஒரே இழையில் இருந்தாக வேண்டும்.

பீர்மேட்டுக்கு வடக்கே, வாகமண்ணில், குரிசுமலை ஆசிரமம் இருக்கிறது. பெல்ஜியத்திலிருந்து வந்த பிரான்சிஸ் மாஹியூ என்ற துறவியும், பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவியும் 1958இல் தொடங்கியது. கிரிஃபித்ஸ் நமக்கு அன்னியரில்லை. 1968இல் இங்கிருந்து கிளம்பி, குளித்தலை அருகே காவிரிக்கரையில் உள்ள சாந்திவனத்தை ஏற்று நடத்தி, 1993இல் அங்கேயே மறைந்தார். குரிசுமலையில் காவி உடுத்திய துறவிகள் ஜபம் செய்த நேரம் போக மாடு வளர்த்தார்கள். பால் பண்ணை நடத்தினார்கள். வேதத்தில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு நாள் முழுக்க மெல்ல மெல்ல மனசில் உருட்டுவதைக் கிறிஸ்தவத் துறவு மரபு 'அசைபோடுதல்' என்றே அழைக்கிறது. நம்மைத் தூங்கவிடாமல் அடிக்கும் அதே பெயர். வித்தியாசம், எதை மெல்லுகிறோம் என்பதிலும், மெல்லும்போது கை என்ன செய்கிறது என்பதிலும் இருக்கிறது. கறக்கும் நேரத்தில் மாட்டை மறந்துவிட்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்தால் உதைபடுவோம்.

மூன்றாவது கூட்டம் பெரியது. கார்த்திகை, மார்கழியில் வண்டிப்பெரியாறு தாண்டி சத்திரத்தில் இறங்கி, புல்மேடு வழியாகக் காட்டுக்குள் சபரிமலைக்கு நடக்கிற பக்தர்கள். அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். பலர் வருஷம் முழுக்கச் செருப்பும் வாகனமுமாக இருப்பவர்கள். இந்த ஒரு நடைக்குச் செருப்பைக் கழற்றுகிறார்கள். பக்தியை ஒரு நிமிஷம் ஒதுக்கிவைத்துவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். வெறுங்காலோடு காட்டுப் பாதையில் நடப்பவனால் மைத்துனன் தரவேண்டிய பணத்தைப் பற்றி நீண்ட நேரம் யோசிக்க முடியாது. அடுத்த அடி வேர் மேலா, கல் மேலா என்பது உடனே தீர்மானிக்க வேண்டிய விஷயம். வாய்க்குச் சரணம் என்ற ஒரு வேலையும் கொடுத்தாகிவிட்டது. கோட்டான கோடிப் பேர் எந்தப் பயிற்சியாளரும் இல்லாமல் செய்துவருவது இது. ஊருக்குத் திரும்பியதும், கொஞ்ச நாளைக்கு மனசு லேசாக இருந்தது என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு ஐயப்பன் ஒரு காரணம் என்றால் பாதம் இன்னொரு காரணம்.

சரி, ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது? 2015இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிரெகரி பிராட்மனும் சகாக்களும் ஒரு பரிசோதனை செய்தார்கள். நகரவாசிகளான 38 பேர். பாதிப் பேர் பல்கலைக்கழகத்துக்கு அருகே ஓக் மரங்கள் ஆங்காங்கே நிற்கும் புல்வெளியில் 90 நிமிஷம் நடந்தார்கள். மீதிப் பேர் போக்குவரத்து நெரிசல் மிகுந்த பெரிய சாலையோரம் அதே 90 நிமிஷம் நடந்தார்கள். நடைக்கு முன்னும் பின்னும் கேள்வித்தாள், மூளை ஸ்கேன். புல்வெளியில் நடந்தவர்களின் அசைபோடும் குணம் குறைந்திருந்தது. அந்தக் குணத்தோடு தொடர்புள்ளதாகக் கருதப்படும், முன்மூளையின் ஒரு பகுதியில் பரபரப்பும் அடங்கியிருந்தது. சாலையோரம் நடந்தவர்களுக்கு மாற்றமில்லை. 38 பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பது உண்மை. ஆனால், கவனிக்க வேண்டியது, வெறும் நடை போதவில்லை என்பது. கால் போகிறது, கண்ணுக்குப் பிடிக்க எதுவும் இல்லை என்றால் மனசு பழைய கவளத்துக்கே திரும்பிவிடுகிறது.

ஏன் புல்வெளி? ரேச்சல் கப்ளான், ஸ்டீபன் கப்ளான் என்ற அமெரிக்கத் தம்பதி 1989இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். நகரத்தில் கவனம் என்பது உழைப்பு. ஹாரன், சிக்னல், விளம்பரப் பலகை எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பிடித்துப் பிடித்துக் கவனம் களைத்துப்போகிறது. மேகம், இலையசைவு, ஓடும் நீர் போன்றவை நம்மை அதட்டாமல் இழுக்கின்றன; இழுபடும் நேரத்தில் களைத்த பகுதி ஓய்வெடுக்கிறது. இந்த விளக்கத்தில் எனக்குப் பிடித்தது, இதற்குக் கன்னிக் காடு தேவை என்று எங்குமே சொல்லப்படவில்லை என்பது. குட்டிக்கானத்தில் பயணிகள் மயங்கி நிற்கும் பைன் மரங்கள் இந்த மலையின் பூர்வகுடிகள் அல்ல. மனிதர்கள் வரிசைபோட்டு நட்டவை. தேயிலையும் காட்டை அழித்து நட்டதுதான். நட்ட மரத்தின் நிழலும் நிழல்தான்.

செய்முறை சுலபம், அதனாலேயே நம்பிக்கை வராது. விடிந்து பனி விலகுவதற்கு முன் கிளம்புங்கள். பருந்தும்பாறையிலோ பாஞ்சாலிமேட்டிலோ கூட்டம் சேருவதற்குள் இறங்கிவிடலாம். செல்போன் அறையிலேயே இருக்கட்டும். படம் எடுக்கிறவன் பார்ப்பதில்லை. முதல் பத்து நிமிஷம் பாதத்தை மட்டும் கவனியுங்கள். குதிகால் தொடுவது, எடை முன்னால் வருவது, விரல்கள் மண்ணைத் தள்ளுவது. பிறகு காதுக்குப் போங்கள். அருகில் கேட்கும் சத்தம் எது, அதற்கு அப்பால் எது, கேட்கும் எல்லையில் எது? பறவையின் பெயர் தெரிய வேண்டாம். தெரிந்தவர்கள் பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

மேலதிகாரி வருவார். கண்டிப்பாக வருவார். மூன்றாவது வளைவில், நன்றாக இருக்கிறதே என்று நினைக்கும் அந்த நொடியில், அதே வார்த்தையோடு வந்து நிற்பார். இங்கேதான் பலர் தோற்றதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். மனசைக் காலி செய்ய வேண்டும் என்று யாரோ தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மனசு காலியாகாது. 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரைக் கைபேசி வழியாக அவ்வப்போது இடைமறித்துக் கேட்டதில், ஏறக்குறைய பாதி நேரம் அவர்கள் நினைப்பு செய்கிற வேலையில் இல்லை என்று தெரிந்தது. வந்தவரை விரட்ட வேண்டாம், உட்காரச் சொல்லவும் வேண்டாம். 'வந்துவிட்டார்' என்று குறித்துக்கொண்டு பாதத்துக்குத் திரும்புங்கள். இருபது தடவை வந்தால் இருபது தடவை திரும்ப வேண்டியதுதான். திரும்புவதே பயிற்சி.

மழைக்காலத்தில் இந்த மலையில் இலவசமாக ஒரு குருவும் கிடைப்பார்: அட்டை. அட்டை இருக்கிற புல்லில் நடக்கும்போது கவனம் எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, விளம்பரங்களில் வராத பகுதி. காலை நடையில் நீங்கள் தாண்டிப்போகும் தேயிலைச் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் அவர் தமிழ் பேசுகிறவர். பாட்டனோ பூட்டனோ திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து மலையேறியவர். அந்தச் சரிவில் அவரைவிடக் கவனமாக இருப்பவர் யாருமில்லை. இரண்டு இலை, ஒரு மொட்டு. முற்றியதை விட்டுப் பிஞ்சை எடுக்க வேண்டும். கால் வழுக்கக் கூடாது. பசுமை நடுவே, வெளிக்காற்றில், கண்ணும் கையும் ஒன்றி, முழு நாளும். மைண்ட்ஃபுல்னெஸ் புத்தகம் கேட்கும் எல்லாம் இருக்கிறது. அப்படியென்றால் அவர் மனசு பஞ்சாக இருக்க வேண்டுமே? மாலையில் மூட்டையை நிறுத்துப் பார்க்கிறார்கள். எடை குறைந்தால் கூலியில் இடிக்கிறது. கவனம் நிறுவைக்குப் போகும்போது அது ஓய்வாவதில்லை. மலையும் பனியும் நம்மைத் தொடுவதற்கு ஒரு காரணம், அன்றைக்கு யாரும் நம்மை எடைபோடவில்லை என்பது. இதை விடுதிக் கட்டணத்தில் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

அதிலும் பீர்மேட்டுத் தொழிலாளிகளுக்கு நிறுவையே இல்லாமல் போன காலம் உண்டு. தேயிலை விலை சரிந்தபோது, 2000ஆம் ஆண்டையொட்டி இங்கே பல தோட்டங்களை நிர்வாகங்கள் கைவிட்டன. சம்பள பாக்கி, பணிக்கொடை எல்லாம் அந்தரத்தில். இந்தத் தேயிலைப் பகுதியிலேயே தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்து மானுடவியலாளரான ஜெயசீலன் ராஜ், 2022இல் வெளியான தன் ஆங்கில நூலில் அந்த முறிவைப் பதிவு செய்திருக்கிறார். திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடிப் போனவர்கள் பட்ட அவமானமும் அதில் அடக்கம். போதாததற்கு மழை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேரைக் கொண்டுபோயிற்று. 2021 அக்டோபரில் பீர்மேடு தாலுகாவின் கொக்கையாறில் மண் சரிந்து குழந்தைகள் உட்படப் பலர் மாண்டார்கள். நமக்குத் தாலாட்டாகக் கேட்கும் மழைச் சத்தத்தில் லயத்துக்காரர்கள் விழித்துக் கிடக்கிறார்கள். அந்த விழிப்பை 'அதிகமாக யோசிக்கிறார்கள்' என்று சொன்னால் அது அபத்தம். அவர்களுக்கு வேண்டியது பாதுகாப்பான வீடும் பாக்கிப் பணமும்.

ஆகவே நடைக்குக் கிளம்புமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் கவலைக்கு நாளைக்குக் காலை பத்து மணிக்கு நான் செய்யக்கூடிய காரியம் ஏதாவது உண்டா? உண்டென்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்; வங்கிக்குப் போவதோ, வக்கீலைப் பார்ப்பதோ, மன்னிப்புக் கேட்பதோ. அதை நடந்து தீர்க்க முடியாது. செய்ய ஒன்றுமில்லை, ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அதற்குத்தான் நடை.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். ஆண் ஒருவன் பாறை மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் காற்று வாங்குகிறான். பெண் தனியாக உட்கார்ந்திருந்தால், என்ன பிரச்சினை, யாரோடு வந்தாய், ஏன் தனியாக என்று ஊரே விசாரிக்கும். வீட்டிலும் அப்படித்தான், கையில் வேலையில்லாமல் வாசலில் நின்று வேப்பமரத்தைப் பார்க்கும் மருமகளை எந்த மாமியாரும் பத்து நிமிஷத்துக்கு மேல் பொறுத்துக்கொண்டதாகச் சரித்திரமில்லை. அசைபோடும் பழக்கம் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் என்று நோலன்-ஹோக்ஸிமா கண்டதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வெளியே போகும் பாதையை அடைத்துவிட்டு, உள்ளே ஏன் சுற்றுகிறாய் என்று கேட்பது நியாயமில்லை. இருவராகப் போங்கள். பேசுவதில்லை என்ற ஒப்பந்தத்தோடு போங்கள்.

நடை எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு நோய் வந்தவர்களுக்கு, கவனப் பயிற்சியோடு சேர்ந்த சிகிச்சை அது திரும்புவதைக் குறைத்தது என்று டீஸ்டேலும் சகாக்களும் 2000இல் காட்டினார்கள். ஆனால், அது சிகிச்சையாளர் நடத்தியது. பழைய அதிர்ச்சிகளைச் சுமப்பவர்கள் சிலருக்குத் தனிமையும் மௌனமும் பயத்தைக் கிளறிவிடுவதும் உண்டு. அவர்கள் நிறுத்திவிடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய்விட்டிருந்தால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், மலையைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

பீர்மேட்டுக்குப் போக வசதியில்லாதவர்கள்தான் அதிகம் என்பது தெரியும். போபாலிலும் தாராவியிலும் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு மொட்டை மாடி இருக்கலாம், காலனிப் பூங்கா இருக்கலாம், குறைந்தபட்சம் ஒரு தெருமுனை அரசமரம் இருக்கலாம். சாயங்காலம் இருபது நிமிஷம் போதும். போனை மேஜை மேல் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போங்கள். தரையில் வெயிலின் சூடு இன்னும் எந்த இடத்தில் மிச்சமிருக்கிறது என்று காலால் தேடுங்கள். காக்கைகள் அடையப் போகும் நேரம் அது. எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போகின்றன, கூட்டமாகவா ஒன்றிரண்டாகவா, எந்த மரத்தில் இறங்குகின்றன? பல வருஷமாக அந்த வீட்டில் இருந்தும் இதற்குப் பதில் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.